வெறும் இலைத் தட்டு

உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து நான்காம் நாளே நின்றுவிட்டவன் நான். அதற்கென்று வாங்கிய புரோட்டீன் பவுடர் டப்பா அலமாரியிலிருந்து என்னை முறைத்துக்கொண்டே இருந்தது. வீணாக்க மனம் வரவில்லை. ஒரு நாள் அதைத் தண்ணீரில் கரைத்து, மல்பெரி இலையில் தெளித்து, என் பட்டுப்புழுக்களுக்குப் போட்டேன். சாக்லேட் சுவை.

பாவூர்சத்திரத்துக்கு வெளியே எனக்கு அரை ஏக்கர் மல்பெரியும் ஒரு புழு மனையும் உண்டு. நகைச்சுவைக் கட்டுரை எழுதிச் சேர்த்ததைப் போட்டுத் தொடங்கியது. என் எழுத்தைப் படித்துச் சிரிக்காதவர்கள்கூட அந்தத் தோட்டத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். பட்டுப்புழு பிறந்ததிலிருந்து கூடு கட்டும்வரை மல்பெரி இலை ஒன்றைத்தான் தின்னும். என் புழுக்கள் சாக்லேட் இலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத் தட்டின் ஓரத்துக்கு நகர்ந்துபோயின. பசி பொறுக்காமல் தின்றவை மறுநாள் காலையில் துவண்டு கிடந்தன.

"நல்லவேள, அத நீங்க குடிக்கல," என்றாள் என் மனைவி.

இந்தச் சம்பவம் சொந்தக்காரர்கள் வாய்வழியாக வடக்கே பயணம் செய்து, பம்பாய்த் தாராவிக்குப் போய்ச் சேரும்போது "தம்பி புழுவுக்குச் சத்துணவு ஆராய்ச்சி பண்ணுதான்" என்று ஆகியிருந்தது. அங்கே என் பெரியம்மா மகள் பேச்சியம்மாள் அக்கா இருக்கிறாள். அவளுடைய மகள் முத்துலட்சுமி விலங்கியலில் முதுகலை கடைசி வருடம். அவளும் அதே ஆராய்ச்சிதான் செய்கிறாள், ஆனால் படித்துவிட்டுச் செய்கிறாள். வீட்டிலேயே புழு வளர்க்கிறாள். புழு சின்னதாக இருந்தவரை கல்லூரித் தோட்டத்து ஒற்றை மரம் போதுமாயிருந்தது. கடைசிப் பருவம் நெருங்கிவிட்டது. வாழ்நாளில் தின்பதில் பெரும்பகுதியைப் புழு அந்த ஒரு வாரத்தில்தான் தின்னும்.

"இல பத்தலடே. நீ நாலு மூட்ட கட்டிக்கிட்டு வா," என்றாள் அக்கா தொலைபேசியில். ஆராய்ச்சியாளன் என்ற பட்டம் கிடைத்தபிறகு மறுக்க முடியுமா?

ரயிலில் என் மூட்டைகளைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். எதிர் இருக்கை மராட்டிய அம்மாள் இந்தியில் கேட்டார்: "இவ்வளவு கீரையை எத்தனை பேர் சாப்பிடுவீர்கள்?" புழுக்கள் என்றேன். அதன்பிறகு அவர் கொடுத்துக்கொண்டிருந்த சப்பாத்தி நின்றுவிட்டது. டிக்கெட் பரிசோதகர் சந்தேகத்தோடு மூட்டைக்குள் கையை விட்டு, சுட்டதுபோல வெளியே எடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பச்சை இலையை அடைத்துக் கட்டினால் அது புழுங்கிச் சூடாகும். புழு வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும், சூடான பிறகு.

தாதரில் இறங்கி, டாக்சிக்காரர் சந்துக்குள் வர மாட்டேன் என்றதால் மூட்டைகளைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்து போய்ச் சேர்ந்தேன். சந்தில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மரியாதைசாலியாகிவிட வேண்டும். நான் எல்லோருக்கும் மரியாதை கொடுத்ததில் அரை மணி போயிற்று. அக்கா ஒரு மூட்டையைப் பிரித்தாள். மேல் இலை வாடியிருந்தது. நடுவில் கறுத்து வெந்திருந்தது.

"ஏலே, இல கேட்டா அவிச்சா கொண்டாருவ? தாளிச்சும் கொண்டாந்திருக்கலாம்லா?"

"அம்மா, சும்மா இரு. மாமா, டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க," என்றது மாடியிலிருந்து ஒரு குரல். இரும்பு ஏணியில் சரசரவென்று இறங்கி வந்தாள் முத்து. குள்ளமான பெண். வாயில் தமிழும் இந்தியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும். கெட்ட இலையைப் பிரித்து ஒதுக்கிவிட்டு, "ரெண்டு நாளைக்கு ஓட்டலாம். பாக்கி இங்கயே தேடுவோம்," என்றாள். நான் தூக்கி வந்த நான்கு மூட்டை ஒரு மூட்டையாகியிருந்தது.

வீடு ஒரே அறை. சுவரில் முத்துவின் அண்ணன் இசக்கி, சிவப்பு விளக்குக்குக் கீழே, பிளாஸ்டிக் மாலையோடு. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு காய்ச்சலில் போனவன். அத்தானுக்குப் பாண்டுப்பில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை, தங்குவதும் அங்கேயே. நான் இருந்தவரை ஒருமுறைதான் வந்தார், வந்ததும் தூங்கினார். தகரக் கூரையை ஒட்டிய பலகை மாடியைத் தாராவிக்காரர்கள் மாளா என்கிறார்கள். அங்கேதான் மூன்று தட்டுகள். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நின்றது. புகை புழுவுக்கு ஆகாது என்பதால் வீட்டில் கொசுவத்தி கிடையாது. தாராவிக் கொசுக்களும் இதை அறிந்தே வைத்திருந்தன.

புழுக்கள் இலை தின்னும் சத்தம் மழை பெய்வதுபோல இருக்கும் என்பார்கள். எனக்கு எப்போதும் அது கல்யாணப் பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் அப்பளம் நொறுக்குகிற சத்தம்தான். அன்று அந்தப் பந்திக்கு வந்த இலையில் முக்கால்வாசியை நான் கெடுத்திருந்தேன்.

முத்து விளக்கினாள். முதல் தட்டுக்கு வெறும் இலை. இரண்டாவதற்கு ஸ்பைருலினா என்கிற சுருள்பாசிப் பொடியைக் கரைத்துத் தெளித்து நிழலில் உலர்த்திய இலை. மூன்றாவதற்கு அதே பொடி, இரண்டு பங்கு. கடைசிப் பருவம் முழுக்க இப்படி. பிறகு கூடுகளை எடை போட்டுப் பார்த்தால் பொடி தின்ற புழு அதிகப் பட்டு கொடுத்ததா, அல்லது மருந்து மிஞ்சி வயிறு கெட்டதா என்று தெரியும். கர்நாடகத்தில் ஒரு பட்டு ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளர் இடம் ஒன்று காலியிருந்தது. இந்த ஆய்வு நல்லபடி முடிந்தால் அவளுடைய பேராசிரியை அவளை அங்கே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

"தங்கறதுக்கு ரூம் குடுக்கறாங்க மாமா. ஜன்னலோட," என்றாள். அந்த 'ஜன்னலோட' என்ற சொல்லை அவள் சொன்ன விதத்தில் நான் தகரக் கூரையைப் பார்த்தேன்.

சாப்பிடும்போது அக்கா சொதியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அந்த மொதத் தட்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

"திரும்பவும் ஆரம்பிக்காதம்மா. அது கன்ட்ரோல். அதோட ஒப்பிட்டாத்தான் மத்தது தெரியும்."

"வெறும் இலையத் தின்னுக்கிட்டு, பக்கத்துத் தட்ட வேடிக்க பாத்துக்கிட்டு..."

"அதுக்குச் சாப்பாடே வெறும் இலைதாம்மா! அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. வேடிக்கல்லாம் பாக்காது."

"கண்ணு தெரியாட்டி வாசம் தெரியாதா?" என்றாள் அக்கா. எனக்கு இன்னொரு கரண்டி சொதி கிடைத்தது. நான் சொதியின் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

மறுநாள் இலை தேடி செம்பூர். முத்துவின் தோழி சொன்ன ஒரு குடியிருப்பில், பின்பக்கச் சுவரோரம் பெரிய மல்பெரி மரம். முத்து காலையிலேயே அன்றைக்கான இலையைப் பக்குவம் செய்து, தட்டுக்கு ஒன்றாக மூன்று கூடைகளில் ஈரத்துணி மூடி வைத்து, முதல் தீவனத்தைப் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்விடுவாள். அங்கிருந்து அப்படியே ஒரு மருந்துக்கடை வேலை. மற்ற வேளைத் தீவனமெல்லாம் அக்கா பொறுப்பு. இலை பறிப்பது என் பொறுப்பு. சயானிலிருந்து பேருந்தில் போய்வந்தேன். எங்கள் ஊர்ப் பேருந்தில் மூட்டையோடு ஏறினால் நடத்துநர் திட்டுவார். இங்கே நடத்துநர் திட்டவில்லை, மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

குடியிருப்பின் காவலாளி பீகார்க்காரர், நல்ல மனிதர். கிளைகளைத் தாழ்த்திப் பிடித்தார். நடைப்பயிற்சியில் இருந்த ஒரு பெரியவர் நின்று, இந்த இலை எதற்கு என்று கேட்டார். புழுவுக்கு என்றால் சப்பாத்தி நின்றுபோன அனுபவம் இருந்ததால், "உடம்புக்கு நல்லது," என்றேன்.

"சர்க்கரைக்கா?"

"அதற்கும்," என்றேன்.

அடுத்த நாள் போனால் மரத்தின் கீழ்க்கிளைகள் மொட்டையாக நின்றன. காவலாளி இந்தியில் அழாக்குறையாகச் சொன்னார்: "நேற்று சாயங்காலத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்காரரும் பையோடு வருகிறார். அரைத்துக் குடிக்கிறார்களாம். செயலாளர் அம்மா மட்டும் மூன்று பை." கடைசியில் அவரே உச்சிக்கு ஏறி வெட்டிப் போட்டார். நான் கீழே நின்று பொறுக்கினேன். அந்த மரத்தால் யாருடைய சர்க்கரை குறைந்ததோ, மரம் குறைந்தது நிச்சயம்.

இப்படியாக, புழு கூடு கட்டுகிறவரை இலை மயிரிழையில் போதுமானதாயிற்று. ஒரு காலையில் மாளாவில் சத்தம் குறைந்திருந்தது. புழுக்கள் தின்பதை நிறுத்தியிருந்தன. உடல் கண்ணாடிபோல வெளுத்து, தலையைத் தூக்கி, எதையோ தேடுகிறமாதிரி மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தன. முத்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, கூடு கட்டுவதற்கான வலைச் சட்டங்களில் விட்டாள். நான் என் மனையில் ஆயிரக்கணக்கில் பார்த்ததுதான். இருந்தாலும் அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே முழங்கால் மடித்து உட்கார்ந்து, கடைசிப் புழு சட்டத்தில் ஏறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு தின்றதும் தன்னை மூடிக்கொள்ளத்தான்.

கூடுகள் கெட்டியானதும் எடை போட வேண்டும். கல்லூரித் தராசு பழுது. முத்து கூடுகளை மூன்று டப்பாக்களில் எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் ஒரு நகைக்கடைக்குப் போனாள், நானும் கூட. கடைக்காரர் நாங்குநேரிப் பக்கம். "சேதாரம் எவ்வளவு போட?" என்று கேட்டுவிட்டு, சிரிக்காமல் தராசைத் தள்ளிக் கொடுத்தார். முத்து கூட்டை வெட்டி, உள்ளிருக்கும் கூட்டுப்புழுவைத் தனியே, பட்டு ஓட்டைத் தனியே வைத்தாள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு. எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"மாமா, மூணும் ஒண்ணுதான்."

அன்று மாலை மாட்டுங்காவில் அவளுடைய பேராசிரியை பார்வதி மேடம் வீடு. பாலக்காட்டுக்காரர், ஓய்வு பெறப் போகிறவர். பித்தளை டம்ளரில் காப்பி வந்தது. நான் யார் என்று கேட்டதற்கு, முத்து என் புரோட்டீன் பவுடர் பிரதாபத்தைச் சொல்லிவிட்டாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு எண்களைப் பார்த்தார். மறுபடி முதல் வரியிலிருந்து பார்த்தார்.

"ஆச்சரியமாக்கும் இது. கொஞ்சமாவது வித்யாசம் வந்திருக்கணும். சரி, வரலைன்னா அதுவும் ஒரு ரிசல்ட்தான். பொடியால பிரயோஜனம் இல்லேன்னு எழுதிக் கொண்டுவா. நான் அங்க போன் பண்ணிச் சொல்றேன். பெட்டியைக் கட்டிக்கோ."

வெளியே வந்து ஒரு பழைய ஓட்டலில் ரசவடை சாப்பிட்டோம். முத்து தன் தட்டை முடித்துவிட்டு என்னுடையதையும் முடித்தாள். வீட்டுக்கு நடந்து போகிற தூரம்தான். வழியெல்லாம் ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை வாங்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தாள்.

அக்கா வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு வாறிய? என்ன சொன்னாக டீச்சரம்மா?"

"பொடியால ஒண்ணும் ஆகலம்மா. மூணு தட்டும் சேம் டு சேம். அப்படியே எழுதச் சொல்லிட்டாங்க."

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. "மூணும் ஒண்ணுபோல வந்துருக்கா?"

"ஆமா."

"வராம? நாம்லா பங்கு வச்சேன்."

முத்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒன்று கழன்றிருந்தது. "என்ன பங்கு?"

"நீ போன பொறவு மூணு கூடை இலையையும் ஒண்ணாக் கொட்டி, நல்லாக் கலந்து, மூணு தட்டுக்கும் சமமாப் போட்டேன். ஒரே வீட்டுல ஒண்ணுக்கு ஒரு மாதிரி, இன்னொண்ணுக்கு ஒரு மாதிரின்னா அது நல்லாவா இருக்கு?"

"தினமுமா?"

"தினமுந்தான்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன்.  வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள், ஒரு காலில் செருப்போடு. மகள் முகத்தைப் பார்த்தபிறகுதான், ஏதோ தவறு நடந்துவிட்டது என்று அக்காவுக்குப் புரிந்தது. அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள். அவள் பேசியது என்னிடம், மகளிடம் அல்ல.

"இசக்கி நோஞ்சான்லாடே. டாக்டரு பாலு குடு, முட்ட குடுன்னாரு. அர லிட்டர் பாக்கெட்டுக்குத்தான் வழி. அவனுக்குப் பாலு, இவளுக்குக் கடுங்காப்பி. எத்தன வருஷம். ஒரு நாளும் கேக்கல இவ. கேட்டிருந்தா குடுத்துருப்பேன்." பிறகு மாளாவை அண்ணாந்து பார்த்தாள். "இதுகளும் கேக்காதுலா."

சந்தில் யாரோ ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாங்கள் மூவரும் வழிவிட்டு ஒதுங்கினோம்.

"பாலு குடிச்சிருந்தாலும் நான் இதுக்கு மேல வளந்திருக்க மாட்டேன்மா," என்றாள் முத்து. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய்விட்டாள்.

அக்கா மீனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். "தப்பாலே?"

"ஆராய்ச்சிக்குத் தப்புக்கா."

"மத்ததுக்கு?"

 மீன் நன்றாக இருக்கிறதே, என்ன விலை என்று கேட்டேன்.

மறுநாள் காலை முத்து மறுபடி மாட்டுங்காவுக்குக் கிளம்பினாள். நான் கூடவே நடந்தேன், வழியில் உபதேசமும் செய்தேன். மேடமே சரி என்றுவிட்டார், அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, யாருக்கு நஷ்டம் என்றேன்.

"உங்க ஊர்ல புழு வளக்கறவங்களுக்குத்தான் மாமா. பொடி வேஸ்ட்டுன்னு எழுதினா, நாளைக்கு யாரோ அதப் படிச்சிட்டுப் போடாம விடுவாங்க. நல்லதுன்னு எழுதினாலும் பொய். மத்லப், அதாவது, எனக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் எழுதணும்." கொஞ்ச தூரம் போய், "அம்மா பேரு வரக்கூடாது," என்றாள்.

மேடம் வீட்டில் அதே பித்தளை டம்ளர். முத்து நின்றுகொண்டே சொன்னாள்: "மேடம், இலை எல்லாம் கலந்துபோச்சு. கன்ட்ரோல் தட்டுக்கும் பொடி போயிருக்கு. என் தப்பு."

"நீயா? நான் நம்பமாட்டேன் குட்டி." மேடம் மெதுவாக என் பக்கம் திரும்பினார். சாக்லேட் பவுடர் அவருக்கு நினைவு வந்துவிட்டதென்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

நான்தான் என்று தலையை ஆட்டினேன். முத்து வாயைத் திறந்தாள், நான் மறுபடி ஆட்டினேன். அந்தப் பழி எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. பம்பாயில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

"படிச்ச மனுஷராட்டம் இருக்கேள்," என்றார் மேடம். பிறகு முத்துவிடம் திரும்பினார். பட்டத்துக்கு வேறு சின்ன ஆய்வு ஏதாவது கொடுத்துச் சமாளிக்கலாம். ஆனால் இந்த ஆய்வு இனி ஆய்வு இல்லை. மறுபடி செய்ய வேண்டும். வெயில் காலத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே புழு தாங்காது, அடுத்த குளிர் வரவேண்டும். அதுவரை கர்நாடகத்தில் அந்த இடம் காத்திருக்காது என்றார்.

"தெரியும் மேடம்," என்றாள் முத்து. காப்பியை இருவரும் குடிக்கவில்லை. வரும் வழியில் அந்த ஓட்டலைத் தாண்டும்போது அவள் சாலையின் எதிர்ப்பக்கம் மாறிக்கொண்டாள்.

அக்காவிடம் அவள் சொன்னது வேறு. மேடத்திடம் ஒன்றுமே சொல்லவில்லை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அந்த இடத்தில் மட்டும் யாரையோ சிபாரிசில் போட்டுவிட்டார்கள் என்று.

நான் கிளம்பிய அன்று அக்கா ரயில் நிலையம்வரை வந்தாள். வழியெல்லாம் அந்த ஆராய்ச்சிக் கூடத்தைத் திட்டிக்கொண்டே வந்தாள். "நல்லாப் படிச்ச பிள்ளைய விட்டுட்டு எவனையோ போட்டுருக்கானுவ பாரு, வெளங்குவானுவளா? அத்தன புழுவும் ஒண்ணுபோலக் கூடு கட்டிருக்கு. வேற என்ன வேணுமாம் அவனுவளுக்கு?" நான் ஆமாம் ஆமாம் என்று திட்டில் சேர்ந்துகொண்டேன். ஜன்னல் வழியாகச் சோற்றுப் பொட்டலம் கொடுத்தாள். பிறகு வண்டி நகர்கிறவரை, முத்து வேலைக்குப் போகிற வழியில் தினம் ஒரு டம்ளர் பால் குடிக்கிறாளா என்று போனில் கேட்டுச் சொல்லும்படி என்னிடம் சொல்லிக்கொண்டே நின்றாள். அவள் கேட்டால் முத்து எரிந்து விழுகிறாளாம்.

சில வாரங்கள் கழித்து முத்துவை அழைத்தேன். மருந்துக்கடையில் முழுநேரம் ஆகிவிட்டாள். பின்னால் யாரோ இந்தியில் இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் தயார் செய்து வைத்திருந்த ஆறுதலைச் சொன்னேன்: "நீ செஞ்சது பெரிய காரியம்மா. உன் இடத்துல வேற யாரு இருந்தாலும் உண்மையச் சொல்லியிருக்கவே மாட்டாங்க."

"ஆமா மாமா," என்றாள் முத்து. "அவங்கல்லாம் இப்ப அந்த லேப்லதான் வேலை பாக்கறாங்க."